இருபத்து நான்கு மில்லி மீதி

நவம்பர் 3, திங்கள்

ஆறாம் வகுப்பில் ஹசீனா என்றொரு பெண் ஒருநாள் எழுந்து கேட்டாள்: "டீச்சர், மீதி வந்தா கணக்கு சரியா, தப்பா?" வகுப்பு சிரித்தது. நான் பொறுமையாகச் சொன்னேன். பதினேழு மிட்டாயை ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு மூன்று, மீதி இரண்டு, மீதியும் விடையில் ஒரு பகுதிதான் என்றேன். அவள் உட்காரவில்லை. "அந்த ரெண்டு மிட்டாயி யாருக்குங்க டீச்சர்?" என்றாள். மணி அடித்துவிட்டது.

இன்று மதியம் அது ஞாபகம் வந்ததற்குக் காரணம் ஒரு கார். இவர் சாப்பிடும்போது, டயருக்கும் தகரத்துக்கும் நடுவில் முப்பத்து நான்கு மில்லி இருந்தால் அது அதிகமா, போதுமா என்று கேட்டார். எதைப் பொறுத்து என்றேன். அதிலிருந்து அரை மணி நேரம் பேசினார். ரசம் ஆறிப்போனது.

டைரியை யாரும் படிக்கக் கூடாது என்பார்கள். முப்பத்து நான்கு வருடம் கரும்பலகையில் எழுதிய கைக்கு, படிக்க ஆள் இல்லாமல் எழுத வரவில்லை. ஆகவே யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் துளசிமணி, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். 'இவர்' என்று எழுதினால் அது என் கணவர் சென்னியப்பன். கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் லேத் போர்மேனாக இருந்தார். ஒன்பது வருடமாக இருவரும் பொள்ளாச்சி வீட்டில்தான். கார் எங்களுடையது அல்ல. கோகிலவாணியுடையது.

கோகிலவாணி இவருக்கு அத்தை மகள். நேற்று அவளே காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். கறுப்பு நிறப் பழைய கான்டெஸா. அவள் கணவர் இறந்து இரண்டு வருடமாகிறது. ஜூலை மழையில் வால்பாறை மலைப் பாதையில் ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் வழுக்கி ஒதுங்கியதாம். பின் டயர் இரண்டையும் அகலமாக்கித் தர வேண்டுமென்று கேட்கிறாள். அதோடு ஒரு நிபந்தனை. சக்கரத்தின் மேல் வளைந்து நிற்கும் தகரமான பெண்டரில் கை வைக்கக் கூடாது. பெண்டரின் ஓரத் தகரம் உள்பக்கமாக ஓர் இழை மடிந்திருக்கிறது. எந்த ஒர்க் ஷாப்பில் கேட்டாலும் அந்த மடிப்பைத் தட்டிவிட்டால் இடம் கிடைக்கும் என்கிறார்களாம். தட்டினால், பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கத்தில் வண்டியைச் சேர்க்க மாட்டார்கள். சங்கத்தார் இந்த மாதம் முப்பதாம் தேதி வால்பாறைக்குப் போகிறார்கள்.

"மச்சான் கை வச்சா ஆகும்னு நெனச்சு வந்தேன்" என்றாள். இவருக்கு அறுபத்தேழு வயது. காது வரை சிவந்தார்.

நவம்பர் 5, புதன்

குக்கருக்குப் புது கேஸ்கட் வாங்கினேன். இவர் சலூனுக்குப் போய் வந்தார். போன வாரம்தான் போயிருந்தார்.

நவம்பர் 9, ஞாயிறு

கோகிலா வீட்டுக்கு நானும் போனேன். வர வேண்டியதில்லை, வெயில் என்றார் இவர். வெயில் எனக்குப் புதிதல்ல.

தென்னந்தோப்புக்கு நடுவே வீடு. தகரக் கொட்டகையில் வண்டி நின்றது. பின் சீட்டே இல்லை. புது உறை தைக்க உடுமலைக்குப் போயிருக்கிறதாம். இவர் தரையில் சாக்கு விரித்துப் படுத்து, சக்கரத்துக்கு உள்ளேயும் வெளியேயும் அளந்தார். வெளியே அதே 34, உள்ளே 36. நான் குறித்துக்கொண்டேன். தெரியாதவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பேருந்தில் மூன்று பேர் சீட்டில் நடுவில் உட்கார்ந்திருப்பவர் பருமனாகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் இரண்டு பக்கமும் இடிப்பார். ஜன்னல் பக்கத்துக்காரர் ஸ்பிரிங். நடைபாதைப் பக்கத்துக்காரர் பெண்டர். பழைய டயரின் அகலம் 175. புதியது 205. முப்பது மில்லி கூடுகிறது, பக்கத்துக்குப் பதினைந்து. சற்றே உள்வாங்கி உட்காரும் ரிம் கிடைத்தால் வெளிப்பக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சமாகும்.

இதெல்லாம் கோகிலாவுக்குப் புரிந்த மாதிரித் தெரியவில்லை. புரிந்த மாதிரித் தலையாட்டினாள். இவர் எழுந்திருக்கக் கை கொடுத்தாள். முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

நான் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். "அக்கா, நாப்பது வருசம் நீங்களே வச்சிருந்துட்டீங்க. ஒரு மாசம் எனக்குக் குடுங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் முறைப்பெண் கேலி பேசினால் பெண்டாட்டி சிரிக்க வேண்டும். முகத்தைச் சுளித்தால் அவள்தான் பண்பு தெரியாதவள். சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். ஒரு மாதம் போதுமா, தேங்காய் போடுகிற சீசன் வரைக்கும் வைத்துக்கொள் என்றுகூடச் சொன்னேன். இவர் ரொம்ப நேரம் சிரித்தார்.

திரும்பும்போது கோகிலாவே எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டாள். பின் சீட்டு இல்லாததால் நான் முன்னால், அவள் பக்கத்தில். இவர் பின்னால் ஒரு முக்காலியில். ஒரு கையால் வளைத்து ஓட்டுகிறாள். கண்ணாடி வளையல் போட்டிருக்கிறாள்.

தொண்ணூற்றொன்றில் இவர் எனக்கு ஓட்டக் கற்றுத் தருவதாகச் சொன்னார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனோம். கம்பெனி ஜீப்பை ஒரு கல்தூணில் உரசிவிட்டேன். மூன்றாவது ஞாயிறு இவருக்கு வேலை வந்துவிட்டது. அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. எழுத வந்தது, எழுதினேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மேல்தொட்டி கழுவ ஆள் வந்தார். இவர் இல்லாததால் நானே மோட்டாரைப் போட்டு நிறுத்திப் பார்த்துக்கொண்டேன். மதியம் வந்தவர் சாப்பாடு வேண்டாம் என்றார். கோகிலா வீட்டில் அரிசிம்பருப்பு சாதமாம். கத்தரிக்காய் போட்டுச் செய்திருந்தாளாம். நான் எப்போதும் கத்தரிக்காய் போட்டதில்லை, ஏனென்றால் இவருக்குக் கத்தரிக்காய் ஆகாது. நாற்பது வருடமாக ஆகாது.

நவம்பர் 14, வெள்ளி

ரிம் வாங்கக் கோயமுத்தூருக்கு இருவரும் போனார்கள். காலை ஒன்பதுக்குக் கிளம்பி மாலை ஆறுக்கு வந்தார்கள். ரிம் கடை உக்கடத்தில். உக்கடத்துக்குப் போய்வர மூன்று மணி நேரம். கடையில் ஒரு மணி. சாப்பாட்டுக்கு ஒன்று. மீதி நான்கு.

இன்று மூன்று கிலோ புளி கொட்டை எடுத்து முடித்தேன்.

நவம்பர் 17, திங்கள்

புது டயர் இரண்டும் ரிம்மில் ஏற்றிக் காற்றடித்து எங்கள் வீட்டு முகப்பில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. நாளை மறுநாள் மாட்டப் போகிறார்களாம். புது ரப்பர் வாசனை சமையலறை வரை வருகிறது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. இவர் எந்த வேலைக்குக் கணக்குப் போட்டாலும் அந்தச் சீட்டைச் சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார். கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. கம்பெனியில் ஓர் இரும்புத் தண்டை இரண்டு மில்லி குறைவாகக் கடைந்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். இனிமேல் கடைவதற்கு முன்னால் கொண்டு வாருங்கள் என்றேன். அன்றிலிருந்து, தப்பு இருந்தால் வட்டம் போடுவேன். சரியாக இருந்தால் சிவப்புப் பேனாவில் ஒரு டிக். டிக் விழுந்தபின் இவர் அந்தக் கணக்கைத் திரும்பிப் பார்க்க மாட்டார். அப்படியே செய்துவிடுவார்.

இன்று ஜாடிக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது.

வெளிப்பக்கம்: 34 − 15 + 5 = 24. வளைவில் வண்டி சாயும்போது ஆட்டம் 12. மீதி 12. உள்பக்கம்: 36 − 15 − 5 = 16. ஆட்டம் போக மீதி 4.

ஐந்து என்பது புது ரிம் உள்வாங்கும் அளவு. அழகான கையெழுத்து. கூட்டல், கழித்தல் எல்லாம் சரி.

மதியம் சும்மா இருந்தேன். சும்மாத்தான் முகப்புக்குப் போய், இவருடைய பெட்டியிலிருந்து ஈயக் கம்பியை எடுத்து டயரின் பக்கவாட்டில் வளைத்து அழுத்தி, அந்த வளைவை ஒரு செய்தித்தாளில் வரைந்து பார்த்தேன்.

டயருக்கு வயிறு உண்டு. தரையில் படும் இடத்தைவிட, ரிம்மை ஒட்டிய இடத்தைவிட, பக்கச் சுவரின் நடுவில்தான் அது அதிகமாகப் பிதுங்கியிருக்கிறது. இவர் 34 அளந்தது வண்டி காலியாக, பின் சீட்டுகூட இல்லாமல் நின்றபோது. அப்போது பெண்டர் மடிப்பு டயரின் தோளுக்கு, அதாவது மேல் ஓரத்துக்கு, நேராக இருந்தது. வண்டியில் ஆள் ஏறினால் உடம்பு கீழே இறங்கும், மடிப்பு வயிற்றுக்கு நேராக வரும். வளையல் வாங்கும்போது மணிக்கட்டில் தளர்வாக இருக்கிறதா என்று பார்த்தால் போதுமா? கை முட்டியைத் தாண்டி ஏற வேண்டுமே. இவர் மணிக்கட்டை அளந்திருக்கிறார்.

முன்னால் இருவர் மட்டும் உட்கார்ந்தால் கொஞ்சம்தான் இறங்கும். இடைவெளி ஐந்து குறையும். பத்தொன்பது, ஆட்டம் போக ஏழு. பரவாயில்லை.

பின்னால் மூன்று பேரும் டிக்கியில் சாமானும் ஏறினால் பதினான்கு குறையும். பத்து. ஆட்டம் போக, கழித்தல் இரண்டு. அந்த மடிப்பு கத்தியைப் போலக் கூர்மையானது. ஆனால் பின் சீட்டே இல்லையே.

நவம்பர் 18, செவ்வாய்

டிக் போட்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

டயர் மாட்டியாகிவிட்டது. இவர் போனில் படம் காட்டினார். வண்டி பின்னாலிருந்து பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. படத்தின் ஓரத்தில் கோகிலாவின் கை, கண்ணாடி வளையலோடு.

பின் சீட்டு இன்னும் தைத்து வரவில்லை, பத்து நாளாகும் என்கிறாராம் தையல்காரர். அதனால் முப்பதாம் தேதி வால்பாறைக்கு இரண்டு பேர்தான் போக முடியும். ஓட்ட ஒருத்தி. டயர் மாட்டிய ஆள் ஒருவர், வழியில் ஏதாவது ஆனால் பார்க்க. இவர் இதைச் சொல்லும்போது துண்டை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டை நான்கு முறை மடித்தார்.

போய் வாருங்கள், மேலே குளிராக இருக்கும், மப்ளர் எடுத்துப் போங்கள் என்றேன். மப்ளரை நானே துவைத்துக் காயவைத்தேன்.

நவம்பர் 24, திங்கள்

மறுபடியும் கணக்குப் பார்த்தேன். இருவர் போனால் மீதி ஏழு. ஏழு மில்லி என்பது பெரிய இடைவெளி. ஒரு பென்சில் படுத்துப் போகும். ஆபத்து ஒன்றுமில்லை. குண்டும் குழியுமான இடத்தில் எப்போதாவது உரசலாம். உரசினால் சத்தம் வரும், ரப்பர் கருகும் வாசனை வரும், அவ்வளவுதான். சங்கத்துக்காரர்கள் பன்னிரண்டு வண்டியையும் நிறுத்திவிட்டு இறங்கி வந்து என்ன என்று பார்ப்பார்கள். இவர் குனிந்து பார்ப்பார். யார் மாட்டியது என்று கேட்பார்கள்.

அப்படி நடக்க வேண்டுமென்று நான் நினைக்கவில்லை. நடந்தால் என்ன ஆகும் என்றுதான் எழுதினேன்.

மாணவிகளுக்கு நான் சொல்வதுண்டு: எடுத்துக்கொண்டது சரியா என்று முதலில் பார், கணக்கை அப்புறம் போடு. இருவர்தான் போகிறார்கள் என்பது நான் எடுத்துக்கொண்டது.

நவம்பர் 28, வெள்ளி

பகல் பதினொரு மணிக்குக் கோகிலா போன் செய்தாள். இவர் கடைக்குப் போயிருந்தார். ஒரே சந்தோஷம் அவளுக்கு. பின் சீட்டு நேற்றே தைத்து வந்துவிட்டதாம். மகள் தாரணியும் மருமகனும் பேத்தியும் சென்னையிலிருந்து வந்திருக்கிறார்களாம். எல்லோருமாக வால்பாறைக்குப் போகிறார்கள், இரண்டு நாள் தங்க வேண்டும், பெட்டி எல்லாம் டிக்கியில் அடுக்கியாயிற்று. "உங்களுக்குத்தான் எடமில்லாமப் போச்சுங்க்கா. கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

பின்னால் மூன்று பேர். டிக்கியில் சாமான். நாற்பது கொண்டை ஊசி வளைவு.

பேத்திக்கு ஐந்து வயது. எந்தப் பக்கம் உட்காருவாள் என்று கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்திருக்காது. ஜன்னல் பக்கம்தான் உட்காருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள் என்றாள்.

மதியம் இவர் சாப்பிட்டார், தூங்கினார், எழுந்து போய் மப்ளருக்குப் பொருத்தமாக ஒரு சட்டை இஸ்திரி போட்டு வாங்கி வந்தார். சொல்வதற்கு ஐந்தாறு முறை வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் வேறு ஏதோ சொன்னேன். பால்காரருக்கு நாளை அரை லிட்டர் குறைத்துச் சொல்லலாமா என்று கேட்டேன். முருங்கைக் கிளை மதில் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றேன்.

நவம்பர் 29, சனி

காலை காபியோடு சொன்னேன். செய்தித்தாளில் வரைந்ததைக் கொண்டுவந்து மேஜையில் விரித்து, வகுப்பில் சொல்வதுபோல் முதலிலிருந்து சொன்னேன். தோள், வயிறு, மடிப்பு, பதினான்கு, கழித்தல் இரண்டு. இவருக்கு உடனே புரிந்துவிட்டது. லேத்தில் நின்றவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. செய்தித்தாளின் மேலே இருந்த தேதியைப் பார்த்தார். பதினேழு.

"டிக் போடறப்பவே தெரியுமா?"

"தெரியுமுங்க."

காபியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கொண்டுபோய்த் தானே கழுவிக் கவிழ்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியில் போய்விட்டார். எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை.

ஒரு மணி நேரத்தில் கறுப்புக் கார் வாசலில் வந்து நின்றது. கோகிலா, தாரணி, மருமகன், பேத்தி எல்லோரும் இருந்தார்கள். இவர் பின்னால் தன் மொபெட்டில் வந்தார். நேராக என்னிடம் வந்து, சப்பாத்தி மாவு கெட்டியாகப் பிசைந்து தரச் சொன்னார். அவ்வளவுதான் பேசினார். பிசைந்தேன். தண்ணீர் குறைத்து, பூரிக்குப் பிசைவதைவிடக் கெட்டியாக.

அந்த மாவை விரல் பருமனில் திரித்துப் பின் பெண்டர் இரண்டிலும் மடிப்பின் உள்பக்கம் ஒட்டினார். டயர் தொட்டால் மாவு காட்டிக்கொடுக்கும். ஜன்னல் பக்கம் பேத்தியை உட்கார வைக்க மாட்டேன் என்று சொல்லி அவளை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டார். அவள் இடத்தில் என்னை உட்காரச் சொன்னார். தாரணியும் மருமகனும் என் பக்கத்தில். டிக்கியில் பெட்டிகளோடு எங்கள் வீட்டு அரிசி மூட்டையும். இவர் முன்னால். கோகிலா ஓட்டினாள். நெடுஞ்சாலை ரவுண்டானாவை நான்கு முறை சுற்றினோம், இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம். மூன்றாவது சுற்றில் எனக்குக் கீழே சர்ரென்று ஒரு சத்தம். காலுக்குக் கீழே யாரோ பெரிய துணியைக் கிழித்த மாதிரி இருந்தது. கோகிலா வேகத்தைக் குறைத்தாள். 

வீட்டுக்கு வந்து பார்த்தோம். இடது பக்கத்து மாவு அப்படியே வழித்து எடுத்த மாதிரி போயிருந்தது. டயரின் வயிற்றில் நான்கு விரல் நீளத்துக்கு ஒரு கோடு. ஆழமில்லை. ஊர் ரவுண்டானாவில் நான்கு சுற்றுக்கு அது. மலையில் நாற்பது வளைவு.

இவர் கோகிலாவிடம், "என்ற கணக்கு தப்பாப் போச்சு கோகிலா. வண்டி காலியா இருக்கறப்ப அளந்துபோட்டேன்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

இவரும் மருமகனும் பழைய டயர்களை மாட்டிக்கொண்டிருந்தபோது கோகிலா சமையலறைக்கு வந்தாள். மாவுப் பாத்திரத்தைத் தானே எடுத்துக் கழுவினாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"அக்கா, ஒண்ணு கேட்டா வருத்தப்பட மாட்டீங்களே. மச்சான் அந்தச் சீட்டை எங்கிட்டக் கொண்டாந்து காட்டுனாரு. துளசி டிக் போட்டாச்சு, இனி கண்ணை மூடிக்கிட்டு மாட்டலாம்னாரு. தாரணிகிட்டப் போன்ல அதையேதான் சொன்னாரு. ரிம் கடைக்காரருகிட்டக்கூட, என்ற வீட்டுல கணக்கு டீச்சருன்னாரு. இந்த ஒரு மாசமா எங்க வீட்டுல உங்க பேருதான். எனக்கே சலிச்சுப் போச்சு."

நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ற வீட்டுக்காரரு நல்லவருதான். முப்பத்தஞ்சு வருசத்துல ஒரு சீட்டை எம்முன்னால வச்சு, இது சரியா பாருன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. வெளாட்டுக்குத்தான் ஒரு மாசம் குடுங்கன்னேன். கொஞ்சம் நெசமாவும் கேட்டேன்னு வச்சுக்கங்க." பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "நீங்க கெட்டிக்காரி. அதனாலதான் சொல்றேன். டிக் போட்டவங்களுக்குத் தெரியாம அந்தக் கணக்கு தப்பாயிருக்காது."

அவள் போனபின் வெகுநேரம் குழாயை மூடாமல் நின்றிருக்கிறேன். பேத்தி வந்து, தண்ணீர் வீணாகிறது பாட்டி என்றாள்.

நவம்பர் 30, ஞாயிறு

ஆறு மணிக்குக் கிளம்பிப் போனார்கள். பழைய டயர்தான். இவர் மப்ளரை எடுத்துப் போகவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

நேற்று கார்த்திகை தீபம். இவர் எப்போதும் போல் விளக்குக்குத் திரி போட்டுக் கொடுத்தார். பொரி உருண்டை இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். செவ்வாய்க்கிழமை மலையிலிருந்து வந்ததிலிருந்து நன்றாகத்தான் பேசுகிறார், மோட்டாரைப் பற்றி, மின்கட்டணத்தைப் பற்றி. மலையில் ஒன்றும் வழுக்கவில்லை, மழை இல்லை என்றார். எனக்குத் தலைவலி மாத்திரை வாங்கிக் கொடுத்தார்.

இன்று இவர் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நானே ஆரம்பித்தேன். நான் செய்தது தப்பு என்றேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"சொல்லாம இருந்திருந்தாக்கூட, மறந்துட்டீன்னு நெனச்சிருப்பேன் துளசி. டிக் போட்டியே."

 அவள் உங்கள் முதுகில் மண்ணைத் தட்டினாளே என்று சொல்ல முடியுமா? அறுபத்து மூன்று வயதில், முப்பத்து நான்கு வருடம் பாடம் நடத்தியவள்? ஆனால் சொன்னேன். அப்படியே சொன்னேன். மண்ணை, கத்தரிக்காயை, உக்கடத்தின் நான்கு மணி நேரத்தை, தொண்ணூற்றொன்றின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையை. ஒவ்வொன்றாக.

அவர் செருப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், உக்கடத்தில் கடை திறக்கவே பன்னிரண்டாகிவிட்டது என்றார். கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டதாகவும் சொன்னார். ஜீப்பைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

கோகிலாவுக்கு இன்னும் ஆசை விடவில்லை. 205 வேண்டாமென்றால் 195 போடலாமே என்கிறாள். இவர் தன் நோட்டில் ஏதோ எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டார். பூட்டவில்லை, ஆனால் வைத்துவிட்டார். ஊறுகாய் ஜாடியை இரண்டு தடவை தூக்கிப் பார்த்தேன். எலுமிச்சை நன்றாக ஊறியிருக்கிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

காலை இவர் என்னையும் வண்டியில் ஏறச் சொன்னார். கோகிலா வீட்டுக் கொட்டகையில் கறுப்புக் கார் நின்றது. 195 டயர் போட்டால் ஆட்டம் போக மூன்றுதான் மீதி, மலைப் பாதைக்கு அது போதாது என்று இவரே முடிவு செய்துவிட்டிருந்தார். அதனால் 185. மூன்றில் ஒரு பங்கு ஆசைதான் நிறைவேறியது. கோகிலாவுக்குக் கொஞ்சம் முகம் வாடியிருந்தது. "இதுக்கு நான் பழசையே வச்சிருந்திருக்கலாம் மச்சான்" என்றாள்.

இவர் இரும்பு ஸ்கேலை என் கையில் கொடுத்தார். "நீயே அள. எனக்குக் குனிய முடியல" என்றார். போன மாதம் சாக்கு விரித்துப் படுத்தவர்.

பின் சீட்டில் மூன்று பேர் வேண்டும். தாரணியும் மருமகனும் சென்னைக்குப் போய்விட்டார்கள். தோப்பில் வேலை பார்க்கும் கருப்பண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு ஓரம், நடுவில் கோகிலா, மறு ஓரம் இவர். டிக்கியில் இரண்டு மூட்டை தேங்காய். புது உறை கரகரவென்றது. நான் சாக்கில் மண்டியிட்டுக் குனிந்தேன்.

வண்டியின் உடம்பு என் கண்முன் இறங்கியது. மடிப்பு டயரின் தோளைத் தாண்டி வயிற்றுக்கு நேராக வந்து நின்றது. காகிதத்தில் வரைந்ததை அப்போதுதான் நேரில் பார்த்தேன். ஸ்கேலை நுழைத்தேன். உள்ளே கோகிலா ஏதோ சொன்னாள். இவர் சிரித்தார். வண்டி குலுங்கியது. இருபது, பதினெட்டு, இருபத்தொன்று என்று தராசு முள் மாதிரி ஆடியது அளவு.

"சிரிக்காதீங்க. அளவெடுக்கோணும்" என்றேன்.

"அக்காவுக்குக் கோவம் வந்துருச்சு மச்சான்."

"வந்துச்சுதான்" என்றேன். "அசையாம உக்காரு."

உள்ளே சத்தம் நின்றது. எனக்கு இன்னும் அந்த நெருப்பு இருக்கத்தான் இருக்கிறது, நெஞ்சுக்குக் கீழே, சரியாக இந்த இடத்தில் என்று தொட்டுக் காட்டலாம். இருந்துவிட்டுப் போகட்டும். பத்தொன்பது. சுற்றி வந்து மறுபக்கமும் அளந்தேன். பத்தொன்பது. ஆட்டம் பன்னிரண்டு போக மீதி ஏழு. பின் சீட்டு நிறைய ஆளோடு ஏழு.

எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கதவைத் திறந்து இவர் இறங்கி வருவதற்குள் கருப்பண்ணன் இறங்கிய பக்கமாகக் கோகிலா இறங்கி ஓடிவந்து கை கொடுத்துவிட்டாள். என் முதுகில் மண் இல்லை. இருந்தாலும் இரண்டு தட்டு தட்டினாள்.

அளவை எங்கே எழுதுவது என்று கேட்டேன். இவர் தன் நோட்டை நீட்டினார். சீட்டு அல்ல, நோட்டு. எழுதிக் கொடுத்தேன். அவர் அதைத் தானும் ஒருமுறை ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடினார். முன்பெல்லாம் அப்படிப் பார்த்ததில்லை. பார்க்கட்டும். பார்க்க வேண்டியதுதான்.

இதைப் படிக்கிறவர் வீட்டில் கார் இருந்தால், அகலமான டயர் வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: பின் சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, வண்டி இறங்கி நின்றபின் டயருக்கும் பெண்டர் மடிப்புக்கும் நடுவில் உங்கள் விரலை விட்டுப் பாருங்கள்.